தங்கம் மேலே வரவில்லை

வைஷ்ணவியின் ஐந்து வருஷத்தை இன்றைக்கு நான்கு மணிக்குக் கொல்லப் போகிறார்கள். இப்போது மணி ஒன்றரை.

கொல்லப் போகிறவர்கள் யாரும் கத்தி வைத்திருக்கவில்லை. மூன்று பேர், மூன்று கோட்டு, மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு விசாரணைக் கமிட்டி. 'முடிவுகளை ஜோடித்த காரணத்தால் இவருடைய ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். போட்டால் டாக்டர் பட்டம் போச்சு. ஜனவரியில் ஜெர்மனியில் சேர வேண்டிய வேலையும் போச்சு. அப்புறம் உலகத்தில் எந்த லேபும் அவளை வாசல்படி மிதிக்க விடாது.

அதைத் தடுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தாள். எங்களை என்றால் வத்சலா மேடத்தையும் என்னையும். மேடம் மத்திய அரசு விஜிலென்ஸில் முப்பத்துமூன்று வருஷம் அடுத்தவன் பைலை மோப்பம் பிடித்து ரிடையர் ஆனவர். மயூர் விஹார் ஃப்ளாட்டில் சும்மா உட்கார உடம்பு வளையாமல் துப்பறிகிறார். நான் கதிரவன், அவருடைய அசிஸ்டென்ட். போன ஜூன் வரை மதராசி கேம்ப் குடிசைவாசி. புல்டோசர் வந்துவிட்டுப் போன பிறகு டெல்லியின் கோடியில் நரேலாவாசி. தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நசுங்கி வேலைக்கு வருகிறவன் என்பதால் எனக்கு யார் மேலும் சுலபத்தில் இரக்கம் வராது.

தெற்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் கீழ்த்தளத்தில் ஒரு லேப். லேபின் நடுவில் எவர்சில்வர் டிரம் மாதிரி ஒரு மெஷின், அதற்கு நாலாபக்கமும் குழாய், முன்பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல்.

"இது என்னங்க, குக்கரா?" என்றேன்.

"வேக்குவம் சேம்பர். உள்ளே காத்தே கிடையாது" என்றாள் வைஷ்ணவி.

"அப்போ டெல்லியிலேயே சுத்தமான இடம் இதுதான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்து ஒரு மாதம் ஆகியிருக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கதிர், வாயை மூடு" என்றார் மேடம். "நீ சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் பி.ஏ. ஹிஸ்டரி."

வைஷ்ணவி கையை ஆட்டிச் சொன்னாள். "உள்ளே ஒரு சின்ன வில்லை இருக்கும் மேடம். ஒரு ரூபாய்க் காசைவிட சின்னது. செம்பும் தங்கமும் கலந்த கிரிஸ்டல். மூணு செம்பு அணுவுக்கு ஒரு தங்க அணு, அப்படியே வரிசை தப்பாம அடுக்கியிருக்கும். ஆனா அது உள்ளே மட்டும்தான். மேல் தோல் வேற. சூடு பண்ணா தங்கம் உள்ளேர்ந்து மேலே ஏறி வரும்."

"கல்யாண வீட்டு பிரியாணி" என்றேன். "மேலே மட்டும் முந்திரி."

"அதேதான். எவ்வளவு நிதானமா சூடு பண்ணணும்னு நான் கண்டுபிடிச்சேன். அப்படிப் பண்ணா மேல் அடுக்கு மொத்தமும் தங்கமாயிடும். ஓர் அணு கனத்துக்கு. அதுதான் என் தீசிஸ்." அவள் குரல் அங்கே இறங்கியது. "அக்டோபர் கடைசியில யாரோ பேர் போடாம என் கைடு சாருக்கு மெயில் அனுப்பினாங்க. நான் டேட்டாவை ஜோடிச்சேன்னு. நவம்பர்ல கமிட்டி வந்து அவங்க கையாலயே சூடு பண்ணிப் பாத்தாங்க. தங்கம் மேலே வரலை."

"என்ன வந்தது?"

"கந்தகம்."

"தீபாவளிக்கு வெடிச்சது மிச்சமா?" என்று நான் ஆரம்பிக்க, மேடம் முறைத்தார்.

"கந்தகம் எங்கேர்ந்து வந்தது?"

"கிரிஸ்டலுக்குள்ளேர்ந்துதான். புதுசா வாங்கற எந்தக் கிரிஸ்டல்லயும் துளியூண்டு கந்தகம் ஒளிஞ்சிருக்கும். சூடு பண்ணும்போதெல்லாம் மேலே வரும். அதை அடிச்சுச் செதுக்கி எடுக்கணும். மறுபடி சூடு, மறுபடி அடி. எட்டு மாசம் இதையேதான் பண்ணேன். கடைசியில வர்றதே நின்னுடுச்சு."

"நின்னது திரும்ப வருமா?"

"சான்ஸே இல்லை."

"அப்போ கமிட்டி சூடு பண்ணது உன் கிரிஸ்டலையே இல்லை. எவனோ மாத்திட்டான்."

வைஷ்ணவியின் கண் கலங்கியது. "அதைத்தான் நானும் கத்தறேன். யாரும் நம்பலை. மாத்தணும்னா சேம்பரைத் திறக்கணும். திறந்தா காத்து உள்ளே போயிடும். அப்புறம் மெஷின் மொத்தத்துக்கும் அலுமினியம் ஃபாயில் சுத்தி, நூத்தம்பது டிகிரியில ரெண்டு நாள் சுட்டாத்தான் மறுபடி வேலை செய்யும். லாக் புக்ல ஆகஸ்டுக்கு அப்புறம் திறந்ததாவே இல்லை."

"லேப் சாவி?"

"ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு என் கைடு சந்திரமௌலி சார்கிட்ட. என் முடிவு நிஜம்னா அவரோட இருபது வருஷப் பேப்பர் பொய். அவர்தான் மேடம். வேற யாரு?"

பேர் சொன்னதும் ஆள் வந்துவிட்டார். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, காஷ்மீர் சால்வை. எங்களைப் பார்த்து உதட்டை மட்டும் இழுத்துச் சிரித்தார்.

"டிடெக்டிவா? பேஷ். கெட்ட டேட்டாவுக்கு டிடெக்டிவ் வச்ச முதல் ஸ்டூடன்ட் என் ஸ்டூடன்ட்தான்." வைஷ்ணவி பக்கம் திரும்பினார். "அஞ்சு வருஷமும் வீண்னு நினைச்சுக்காதே. எந்தச் சூட்டில எது பொங்கும்னு கத்துக்கிட்டிருக்கே இல்ல? சமையல்ல உபயோகப்படும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தச் சால்வையாலேயே அவர் வாயைக் கட்டலாம் போலிருந்தது.

"ஆகஸ்டுக்கு அப்புறம் இதை நீங்க திறக்கலையே?" என்றார் மேடம்.

"நான் திறக்கலை. அது மேல கையே வைக்கலை. அதோ பாருங்கோ, ஆயுத பூஜைக்கு இந்தப் பொண்ணு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சிருக்கு. எனக்கு அதைப் பாத்தாலே அருவருப்பு. துடைக்கக்கூடத் தொடமாட்டேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பார்க்கலாம்." போய்விட்டார்.

மேடம் மெஷினருகே போய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வட்ட ஜன்னலுக்கு மேலே மூன்று பொட்டு. மஞ்சள் சந்தனம், நடுவில் சிவப்புக் குங்குமம். மேடம் சுண்டு விரல் நகத்தால் ஒரு பொட்டின் ஓரத்தைச் சுரண்டினார். மேலே இருந்த மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. அடியில் கருகின ரொட்டி நிறத்தில் இன்னொரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை பொட்டு வச்சே?"

"ஒரே தடவை. ஆயுத பூஜை அன்னிக்கு, அக்டோபர் ஒண்ணாம் தேதி." வைஷ்ணவி கிட்டே வந்து பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. "மேடம், இது வெந்திருக்கு!"

"ஆமாம். பூஜைக்கு அப்புறம் இந்த மெஷினை யாரோ ரெண்டு நாள் சுட்டிருக்கான். நீ வச்ச பொட்டு கருகிடுச்சு. அது மேலயே புதுப் பொட்டு வச்சு மூடியிருக்கான். மேல் தோல் ஒண்ணு, உள்ளே ஒண்ணு. உன் சப்ஜெக்ட்தான்."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. பாவம், இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட அது தாங்கப் போவதில்லை.

"அக்டோபர்ல நீ எப்போ ஊர்ல இல்லை?"

"தீபாவளிக்குப் பத்து நாள் திருச்சி போயிருந்தேன், அம்மா வீட்டுக்கு. லேபும் லீவுதான்."

"சாவி?"

"வீட்ல. மயூர் விஹார்ல. எப்பவும் ஆணியில மாட்டியிருக்கும்."

மேடம் நெற்றியிலிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ப்ரசன்னா வந்தான். வைஷ்ணவியின் கணவன். காலையில் எங்களை மயூர் விஹாரிலிருந்து காரில் அழைத்து வந்ததும் அவன்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே லேபில், இதே சந்திரமௌலியிடம் டாக்டர் பட்டம் வாங்கியவன். இப்போது நொய்டாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறான். கையில் தயிர்சாத டப்பா.

"சாப்பிடு கண்ணா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை நீ." ஸ்பூனை அவள் கையில் திணித்தான். "போனா போகட்டும்டா. ஜெர்மனி இல்லேன்னா என்ன? நான் இல்லையா? வீட்ல ரெஸ்ட் எடு."

எனக்கே மனசு இளகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேடம் மட்டும் அவள் ஸ்பூன் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரலில் சிவப்போடின ஒரு மெல்லிய மோதிரம். அதற்குக் கீழே தோல் பச்சை பூத்திருந்தது.

"விரல்ல என்ன பச்சை?"

"இந்த மோதிரம்தான் மேடம். என்ன சோப்பு போட்டாலும் போகலை" என்றாள் வைஷ்ணவி. "தீபாவளிக்குன்னு, நான் திருச்சியிலேர்ந்து வந்ததும் ப்ரசன்னா குடுத்தது."

"ரோஸ் கோல்ட் மேடம். இப்போ அதான் ஃபேஷன்" என்றான் ப்ரசன்னா. "கரோல் பாக்ல வாங்கினேன்." அவள் பாதி சாப்பிட்டு வைத்த டப்பாவைக் கழுவ வெளியே போனான்.

மேடம் உள்ளங்கையை நீட்டினார். "கழட்டிக் குடு. தங்கத்துல பச்சை வந்தா அலர்ஜி. பாத்துட்டுத் தரேன்." மோதிரம் என் கைக்கு வந்தது. என் காதில் மட்டும், "போகல் மார்க்கெட்ல உங்க பாய் ஒருத்தர் தங்கம் சோதிக்கற மெஷின் வச்சிருக்காரே, ஓடு. மூணரைக்குள்ள வரணும். ஜல்தி" என்றார்.

ஓடினேன். ஆட்டோக்காரனிடம் பாதி இந்தியில் கெஞ்சி, பாதி தமிழில் திட்டி, இருபது நிமிஷத்தில் போகல் போய்ச் சேர்ந்தேன். கீழக்கரை இஸ்மாயில் பாய் அங்கே நகைக்கு மாற்றுப் பார்க்கிறவர். கேம்ப்பில் இருந்த காலத்திலிருந்து என்னைத் தெரியும். மோதிரத்தை மெஷினுக்குள் வைத்து மூடினார். ஒரு நிமிஷம்தான்.

"எவன்டா செஞ்சான் இதை?" என்றார்.

"ஏன் பாய்?"

"தங்கம் அம்பத்தொண்ணு. செம்பு நாப்பத்தொம்பது. வெள்ளி பூஜ்யம், துத்தநாகம் பூஜ்யம். எந்த ஆசாரியும் வெறும் செம்பை மட்டும் கலக்க மாட்டான், கொஞ்சமாச்சும் வெள்ளி போடுவான். நம்மூர்ல பொண்டாட்டிக்கு எவனும் பாதித் தங்கத்துல மோதிரம் போடவும் மாட்டான். உருக்கி வளைச்சவன் அவசரத்துல வளைச்சிருக்கான். ஆனா கலப்பு இருக்கே, என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்லை."

அவர் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாதி தங்கம், பாதி செம்பு. வைஷ்ணவி சொன்னது மூன்றுக்கு ஒன்று. கணக்கு உதைக்கிறதே என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

நான் வரும்போது மணி மூன்று முப்பத்தைந்து. கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் மேடம், வைஷ்ணவி, ப்ரசன்னா மூவரும் இருந்தார்கள். ப்ரசன்னாவின் கை வைஷ்ணவியின் தோளில். மேடம் சீட்டை வாங்கி அவளிடமே கொடுத்தார்.

அவள் படித்தாள். இரண்டு நொடிதான்.

"ஒரு தங்க அணு, மூணு செம்பு அணுவோட எடை இருக்கும்" என்றாள் மெதுவாக. "எண்ணிப் பாத்தா மூணுக்கு ஒண்ணு. நிறுத்துப் பாத்தா பாதிக்குப் பாதி." மோதிரத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இது என் கிரிஸ்டல்."

தோளில் இருந்த கை இறங்கியது.

"ப்ரசன்னா?"

"என்னடா உளர்றே..."

"மெயிலும் நீதானா?"

அவன் எங்களைப் பார்த்தான், காரிடாரைப் பார்த்தான். அப்புறம் பெருமூச்சு விட்டு காலை நீட்டிக்கொண்டான். ஒரு விருந்தாளி செருப்பைக் கழற்றுகிற நிதானம்.

"நான்தான். என்ன இப்போ? நாலு வருஷம் நானும் இதே மெஷின்கிட்ட மாரடிச்சேன். பட்டம் வந்தது, தங்கம் மேலே வரலை. நீ வந்தே, எட்டே மாசத்துல தங்கம் மேலே வந்துடுச்சு. ஜெர்மனி, ரெண்டு வருஷம், நான் இங்கே தனியா சோறு பொங்கித் தின்னணுமா? என் காலத்து ஸ்பேர் கிரிஸ்டல் ஒண்ணு வீட்ல இருந்தது. அதைப் போட்டுட்டு உன்னோடதை எடுத்துட்டேன்."

"உருக்கிட்டியா?" அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "எட்டு மாசம் ப்ரசன்னா."

"தூக்கிப் போட மனசு வரலை. ராப்பகலா அதோடதானே குடும்பம் நடத்தினே? சரி, விரல்லயே போட்டுக்கட்டும்னு பண்ணேன். நீ ஆசையாப் போட்டுக்கிட்டு எல்லார்கிட்டயும் காட்டினே பாரு." சிரித்தான்.

பளாரென்று ஒன்று விட எழுந்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"நீ அந்தப் புதுப் பொட்டை வைக்காம இருந்திருந்தா உன்னைப் பிடிச்சிருக்கவே முடியாது" என்றார் அவனிடம். "ஃபாயிலைப் பிரிச்சதும் குங்குமம் கருகிக் கிடக்கறதைப் பாத்தே. பொண்டாட்டி வச்ச குங்குமம் கருகினா புருஷனுக்கு ஆகாது. உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா? சந்திரமௌலியா இருந்தா அப்படியே விட்டுட்டுப் போயிருப்பார். உனக்கு அதைத் துடைக்கவும் பயம், விடவும் பயம். அவளோட வாழ்க்கையைத் தூக்கிக் குப்பையில போட்ட கையோட உன் ஆயுசுக்குப் பொட்டு வச்சிருக்கே!"

அவன் முகம் ஒரு விநாடி வெளுத்தது. அப்புறம் சுதாரித்துக்கொண்டான்.

"அச்சா. உள்ளே போய்ச் சொல்லுங்க. எந்தச் சாவியால திறந்ததுன்னு கேப்பாங்க. அவ சாவி. மோதிரம் யார்கிட்ட இருக்குன்னு கேப்பாங்க. ஒண்ணரை மாசமா அவ விரல்ல. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? என் பொண்டாட்டியே எடுத்துட்டு வந்தா, உருக்கச் சொன்னா, ஜோடிச்சது வெளியே தெரியக்கூடாதுன்னு புதுசை வச்சா. முடிஞ்சது. அவ ஜோடிச்சவ மட்டுமில்லை, திருடி."

நான் மேடத்தைப் பார்த்தேன். முப்பத்துமூன்று வருஷ விஜிலென்ஸ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி. நாங்கள் கண்டுபிடித்த சாட்சியே அவள் கழுத்தை அறுக்கும்.

மணி மூன்று ஐம்பது. உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

ப்ரசன்னா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். குரலில் மறுபடி தயிர்சாதம். "நான் உள்ளே வந்து எல்லாத்தையும் ஒத்துக்கறேன்டா. எழுதியே குடுக்கறேன். நான் இங்கே வேலை பாக்கலை, என்னை என்ன பண்ணிடுவாங்க? ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான். உன் பேர் சுத்தமாயிடும், பட்டம் வந்துடும். ஆனா ஜெர்மனி போகமாட்டேன்னு சொல்லு."

"சரி."

"வாயால சரின்னு சொன்னா பத்தாது." அவன் தலையைக் குனிந்து நீட்டினான். "என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணு."

வைஷ்ணவி அவனையே பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி அவன் உச்சந்தலையில் வைத்தாள்.

"சத்தியமா போகமாட்டேன்" என்றாள்.

எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஐந்து வருஷத்தை மீட்டுக்கொடுக்கிறேன் என்று வந்து, மிச்ச வாழ்க்கையை அவன் கையில் எழுதிக்கொடுக்க வைத்துவிட்டோமே என்று மேடத்தின் மேலேயே கோபம் வந்தது. அவரோ வைஷ்ணவியை ஒரு புது ஃபைலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு நால்வரும் உள்ளே போனோம். ப்ரசன்னா சொன்ன வார்த்தை தவறவில்லை. நல்ல பிள்ளையாக எழுந்து நின்று, மனைவியைப் பிரிய முடியாத பாசத்தால் செய்துவிட்டதாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். சாவியை எடுத்தது, திறந்தது, சுட்டது, உருக்கியது, மெயில் அனுப்பியது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது, எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேடம் சுரண்டின பொட்டையும் பாயின் சீட்டையும் கமிட்டி பார்த்தது. குற்றச்சாட்டு வாபஸ், ஆய்வேடு மேலே அனுப்பப்படும் என்று பதினைந்தே நிமிஷத்தில் எழுதினார்கள்.

சந்திரமௌலி மன்னிப்புக் கேட்கவில்லை. "கிரிஸ்டல் போயிடுத்து. உன் முடிவு நிஜமா இல்லையான்னு இனிமே இங்கே யாரும் பார்க்க முடியாது. புதுசைச் சுத்தம் பண்ண எட்டு மாசம் ஆகும்" என்றார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் வைஷ்ணவி.

வெளியே வந்ததும் ப்ரசன்னா கார் சாவியைச் சுழற்றினான். "கிளம்பலாமா கண்ணா? ஐ.என்.ஏ. மார்க்கெட் வழியா போலாம், காப்பிப்பொடி தீர்ந்துடுச்சு."

"நீ எங்கேயும் போக முடியாது தம்பி" என்றார் மேடம். "அந்த வில்லை அரசாங்கச் சொத்து. திருடி உருக்கினேன்னு உன் கையெழுத்துலயே எழுதிக் குடுத்திருக்கே. கமிட்டி போலீஸுக்குப் போன் போட்டாச்சு." காரிடார் கோடியில் இரண்டு செக்யூரிட்டிக்காரர்கள் ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

ப்ரசன்னாவுக்கு வியர்த்தது. டிசம்பரில், டெல்லியில். "வைஷு, சொல்லு இவங்ககிட்ட! நாமதான் பேசி முடிச்சுட்டோமே. நீதான் எங்கேயும் போகலையே, சேந்து சமாளிக்கலாம்..."

"ஜனவரி ரெண்டாம் தேதி டிக்கெட்" என்றாள் வைஷ்ணவி. "நான் போறேன்."

"என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணியேடி!"

"பண்ணேன்."

அவன் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. அவள் கை வைத்த அதே இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். இரண்டு செக்யூரிட்டிகளும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"அஞ்சு வருஷத்துல நான் ஜோடிச்சது அது ஒண்ணுதான்" என்றாள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா போன் பண்ணச் சொல்லு."